வெரிட்டிகேட் என்றொரு வேலை

போன மாதம் அஞ்சுவிடமிருந்து ஒரு வாட்சாப் வந்தது. மலையில் நான் கடைசியாக வேலை பார்த்த வில்லேஜ் ஆபீசில் இப்போது கிளார்க்காக இருக்கும் பெண். பழைய ஃபைல்களை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒரு குறிப்பைப் படம் பிடித்து அனுப்பி, "சாரே, இது எந்து வாக்கு? டிக்‌ஷனரியில் காணுன்னில்லல்லோ" என்று மலையாளத்தில் கேட்டிருந்தாள். இது என்ன சொல், அகராதியில் காணோமே என்கிறாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபைலின் ஓரத்தில், பச்சை மையில், எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ் கையெழுத்து: "வெரிட்டிகேட் அண்ட் ரிப்போர்ட்."

என்னைக் கேட்பதற்கு முன்னால் அவள் போனிடம் கேட்டிருக்கிறாள். லத்தீனிலிருந்து வந்த சொல், பழங்காலத்து நீதிமன்றங்களில் புழங்கியது என்று போன் மூன்று பத்திக்கு விளக்கம் கொடுத்ததாம். லத்தீனாம்! அந்தச் சொல் பிறந்தது வட்டவடையில், நான் ஒரு பொய் ரிப்போர்ட் எழுதிக்கொண்டு போன மத்தியானத்தில். ஒரு விஷயம் உண்மையா என்று சோதிப்பதற்காகவே பிறந்த சொல். ஆனால் அந்தச் சொல் உண்மையா என்று இத்தனை வருடம் ஒருத்தரும் சோதிக்கவில்லை. தாலுக்கா ஆபீசில் படித்தவர்கள் இருந்தார்கள். தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, அவர்களும் அதையே எழுதத் தொடங்கினார்கள். இப்போது போனும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது.

அஞ்சுவுக்கு இரண்டு வரியில் பதில் போட்டேன். மனசு அடங்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் எலப்புள்ளி. அப்பாவுக்கு நெல்வயலும் ஒரு பம்புசெட்டும் உண்டு. அவை இரண்டும் அண்ணனுக்குப் போதும் என்று தெரிந்ததும் சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதினேன். வில்லேஜ்மேன் வேலை கிடைத்தது. வில்லேஜ்மேன் என்றால் ஆபீசின் கால். ஆபீசர் உட்கார்ந்திருப்பார், கிளார்க் எழுதுவார், வில்லேஜ்மேன் நடப்பான். பயிற்சி மூன்று நாள். முதல் நாள் யாருக்கு எப்படி வணக்கம் வைப்பது, இரண்டாம் நாள் நோட்டீசைக் கதவில் எப்படி ஒட்டுவது, மூன்றாம் நாள் பயிற்சி கொடுப்பவருக்கு லீவு. அதோடு என்னை மலைமேல் வட்டவடைக்கு அனுப்பிவிட்டார்கள். எலப்புள்ளி வெயிலில் காய்ந்தவனை முட்டைக்கோசுக்கு நடுவே கொண்டுபோய் நட்டார்கள். முதல் மாதம் முழுக்கப் பல் தந்தியடித்துக்கொண்டே இருந்தது.

அங்கே வில்லேஜ் ஆபீசர் ராமநாதன் சார். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். அவர் பேசுகிற தமிழ் ஒன்று, நான் பேசுவது கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ், ஊர்க்காரர்கள் பேசுவது தெற்கத்தித் தமிழ். ஃபைல் மட்டும் மலையாளத்தில். இந்த நாலுக்கும் நடுவில் எப்படி ஒரு காரியம் நடந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

சார் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. ரிப்போர்ட்டை நீட்டினால் வாங்கிக்கொண்டு, படிக்காமலே ஒரு கேள்வி கேட்பார்: "எங்க நின்னு பாத்தீர்?" பதில் பிடிக்கவில்லை என்றால் காகிதத்தை நான்காக மடித்து, எழுந்து வந்து, நம் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். அடித்திருந்தால் கூடப் பரவாயில்லை. அந்த மடித்த காகிதம் பையில் கனக்கும்.

ஒரு நாள், இரண்டு பூண்டு வயல்களுக்கு நடுவே பொதுவழி உண்டா இல்லையா என்று பார்த்து வரச் சொன்னார். குளிரில் அவ்வளவு தூரம் யார் இறங்குவது? டீக்கடையில் உட்கார்ந்து கடைக்காரரைக் கேட்டேன். "வழி இல்லாமலா? நான் அந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போனேன்" என்றார். வழி உண்டு என்று எழுதி அரைமணி நேரத்தில் கொண்டுபோய் நீட்டினேன்.

"எங்க நின்னு பாத்தீர்?"

"அங்கதானுங்க சார், பக்கத்துல..."

"பக்கத்துலன்னா? டீ வாசனை வர்றதே."

காகிதம் மடிந்து என் பைக்குள் வந்தது. பிறகு ஃபைலை இழுத்து, 'வெரிஃபை' என்று தான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதன் மேல் வேறு ஏதோ எழுதினார். அதுதான் இந்த வெரிட்டிகேட்.

"இதுக்கு என்னங்க சார் அர்த்தம்?"

"வெரிஃபைன்னா நீர் டீக்கடையில உக்காந்து பண்றதாக்கும். இது வேற. இதுக்குக் கால் வலிக்கணும்."

இறங்கிப் போனேன். டீக்கடைக்காரர் பள்ளிக்கூடம் போன வழி அவர் பள்ளிக்கூடத்தை விட்டதோடு போயிருந்தது. அந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பூண்டு நின்றது. வயல்காரர் நான் வருவதைப் பார்த்து, "வழியாவது கிழியாவது" என்றார். அடுத்த வயல் அவருடைய அண்ணனுடையது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன், "என்னைக்கு வழியை உழுதான்னு கேளுங்க, நான் சொல்லுதேன். எம் மகளுக்குக் காது குத்துன அன்னைக்கு. எல்லாரும் கோயில்ல இருக்கோம், இவன் மட்டும் மண்வெட்டியோட இங்க நிக்கான்" என்றார். மகளுக்கு இப்போது என்ன வயது என்று கேட்டேன். வழி எப்போது தொலைந்தது என்பது மாதக் கணக்கோடு கிடைத்துவிட்டது.

அதிலிருந்து சாருக்கு ஒரு முறை உருவாயிற்று. வெரிட்டிகேட் என்று ஃபைலில் வந்தால் மூன்று பேரிடம் கேட்க வேண்டும். அந்தக் காரியத்தால் லாபம் அடைகிறவர் ஒருவர், நஷ்டம் அடைகிறவர் ஒருவர், எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று இருப்பவர் ஒருவர். இதில் நஷ்டம் அடைகிறவரை மட்டும் விடவே கூடாது. "சிநேகிதன் தேதியை மறந்துடுவான். சத்துரு மறக்கமாட்டான், கேட்டேளா" என்பார் சார். ரிப்போர்ட்டின் கடைசியில் 'பார்க்காதவை' என்று ஒரு தலைப்பு போட்டு, எதையெல்லாம் நாம் பார்க்கவில்லை என்றும் எழுத வேண்டும். மழையால் தெற்கு எல்லையைப் பார்க்கவில்லை, நாய் இருந்ததால் கொல்லைப்பக்கம் பார்க்கவில்லை என்று எழுதுவேன். தாலுக்கா ஆபீசில் இதைப் படித்துச் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். நாய் எனக்குத்தானே தெரியும்.

மறு வருடம் சாருக்குச் சூரியநெல்லிப் பக்கம் மாற்றல் வந்தது. என்னையும் கேட்டு வாங்கிக்கொண்டார். தலைக்கனம் ஏற அதற்கு மேல் என்ன வேண்டும்?

அங்கே வேலையில் பாதி எஸ்டேட் லயத்து வரிசைவீட்டு ஜனங்களின் சாதிச் சான்று. தெற்கிலிருந்து வந்து மூன்று நான்கு தலைமுறையாகத் தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள். ஆனாலும் ஐம்பதாம் வருஷத்துக்கு முன்பே உன் முன்னோர் இங்கே இருந்தார்களா, காகிதத்தைக் காட்டு என்று சர்க்கார் கேட்கும். லயத்தில் பிறந்தவனுக்கு நிலப்பட்டா ஏது? இருப்பது ஒன்றே ஒன்று, எஸ்டேட்டின் பழைய செக்ரோல். தினமும் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று குறித்த பெரிய பேர்ப்புத்தகம். அதில் தாத்தா பெயர் இருந்தால் பேரனுக்குச் சான்று உண்டு. இல்லாவிட்டால் கையை விரித்துவிட வேண்டியதுதான்.

மாரியப்பன் என்ற பையன் மனு கொடுத்தான். பதினெட்டு வயது. வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது, சான்று கொடுத்தால் சேர்ந்துவிடலாம். மனுவில் தாத்தா மாடசாமி, அவருக்குத் தகப்பன் இருளப்பன் என்று எழுதியிருந்தான். தாத்தாவின் ஓய்வுச் சீட்டையும் செக்ரோல் நம்பரோடு இணைத்திருந்தான்.

எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். டீக்கடைக்கு இல்லை, நேராக எஸ்டேட் ஆபீசுக்கே. செக்ரோலை எடுத்து வைத்தார்கள். நடுவில் பிரித்து, நம்பரைத் தேடி, விரலை இறக்கினேன். நம்பர் இருந்தது. மாடசாமி இருந்தார். பக்கத்துக் கட்டத்தில் 'சுப்பையா' என்று இருந்தது. இருளப்பன் இல்லை.

அந்த எஸ்டேட்டில் கல்லை விட்டெறிந்தால் ஒரு மாடசாமி மேல்தான் விழும். அதனால் தகப்பன் பெயர் ஒத்துப்போக வேண்டும். நம்பர் ஒத்துப்போகிறதே என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பழைய நம்பரை வேறு ஆளுக்கும் கொடுத்திருப்பார்கள் என்று நானே ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்து அந்த நிமிடத்தை மூடிவிட்டேன். "மாடசாமி, தகப்பன் சுப்பையா என்றே பதிவு உள்ளது. மனுதாரர் சொல்லும் பதிவு இல்லை." மூன்று வரி. புத்தகத்தையே கையில் பிடித்துப் பார்த்தாயிற்று, இதில் மூன்று பேரைக் கேட்பானேன்? கடைசித் தலைப்பையும் போடவில்லை.

"எங்க நின்னு பாத்தீர்?"

"எஸ்டேட் ஆபீஸ்லயேங்க சார். செக்ரோலைக் கையில புடிச்சுப் பாத்தனுங்க."

சார் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். மாரியப்பனைக் கூப்பிட்டுச் சொன்னது நான்தான். அவன் கோபப்படவில்லை. "சுப்பையா எங்க ஆளே இல்ல சார். எங்க தாத்தாவுக்கு இருளப்பந்தான் அப்பன்" என்றான். புத்தகத்தில் இருப்பதைத்தான் நாங்கள் பார்க்க முடியும் தம்பி என்று பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன். போய்விட்டான். அடுத்த வாரம் நான் மறந்தும் விட்டேன்.

பிறகு மலை இறங்கினேன், ஏறினேன், கஞ்சிக்கோட்டில் சில வருடம், சித்தூரில் சில வருடம். கிளார்க் ஆனேன், கடைசியில் வில்லேஜ் ஆபீசரும் ஆனேன். என் கீழே வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் வெரிட்டிகேட்டைக் கற்றுக்கொடுத்தேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது மறுபடியும் அதே சூரியநெல்லிப் பக்கத்து ஆபீசில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் ரேவதி வந்தாள். பதினேழு வயசுப் பெண். நர்சிங்குக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆன்லைனில் சாதிச் சான்றுக்கு மனுப் போட்டிருக்கிறாள். இந்தக் குடும்பத்துக்கு முன்பே பாதகமான ரிப்போர்ட் உண்டு, பார்க்கவும் என்று தாலுக்கா ஆபீஸ் எங்களுக்குத் திருப்பி அனுப்பியிருந்தது.

"பத்து நாளைக்குள்ள கொடுக்கலன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும் சார்."

"பழைய ரிப்போர்ட் எவன் எழுதுனான்னு பாக்கலாம், இரும்மா" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "எங்கப்பா சொல்லக்கூடாதுன்னாவ. ஆனா அத எழுதுனது நீங்கதானாமே சார்."

ஃபைல் வந்தது. மூன்று வரி, என் கையெழுத்து. மனுதாரர் பெயர் மாரியப்பன்.

"உங்கப்பா இப்ப என்னம்மா பண்றாரு?"

"ஜீப்பு ஓட்டுதாரு சார். உங்களத் தெனமும் ஏத்திட்டு வாராரே."

இரண்டு வருடமாக அந்த ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து போய்வருகிறேன். டூரிஸ்ட்டை இறக்கிவிட்டு வரும்போது எனக்காக நிறுத்துவார். மழை வந்தால் என் பக்கத்துத் தார்ப்பாயை இறங்கி வந்து கட்டிவிடுவார். வாத்தியாராக இருக்க வேண்டிய மனிதர். என்னைப் பார்த்த முதல் நாளே அவருக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. ரேவதி போன பிறகு எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெட்கமாக இருந்தது. வேறு எந்தப் பெயரும் அதற்கு வைக்க மாட்டேன்.

மறுநாள் நானே கிளம்பினேன். இந்தத் தடவை முறையைத் தலைகீழாகப் பிடித்தேன். முதலில் சத்துரு. மாரியப்பன் குடும்பத்துக்கு லயத்தில் ஆகாதவர் யார் என்று விசாரித்தால் ஒரே குரலாகப் பால்பாண்டி என்றார்கள். ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், அடுத்த வீடு.

"மாரியப்பன் தாத்தா மாடசாமியத் தெரியுங்களா?"

"தெரியாமலா? எங்கப்பங்கிட்ட கவாத்துக் கத்திய எரவல் வாங்கிட்டுப் போனவன். இன்னைக்கு வரைக்கும் திரும்பி வரல. கேட்டா அவன் மவன் மொறைக்கான், பேரன் சிரிக்கான். அது சீமைக் கத்தி சார்!"

"அந்த மாடசாமிக்கு அப்பா யாருங்க?"

"இருளப்பன். அந்தக் கத்தியத் திருப்பித் தரச்சொல்லி எங்க தாத்தா நாயம் கேட்டதே இருளப்பங்கிட்டதான்."

தேயிலையைக் கவாத்து செய்கிற கத்தி மூன்று தலைமுறையாக மனசில் செருகிக் கிடக்கிறது. இதைவிட நல்ல சாட்சி சுப்ரீம் கோர்ட்டுக்கே கிடைக்காது. ஆனால் செக்ரோலில் சுப்பையா இருக்கிறாரே? பால்பாண்டியையும் அழைத்துக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். புத்தகத்தை நடுவில் பிரித்தேன். மாடசாமி, சுப்பையா. இந்தத் தடவை விரலை வலப்பக்கத்துக் கட்டத்தில் ஓட்டினேன். சுப்பையா, சுப்பையா, சுப்பையா. பக்கம் முழுக்கச் சுப்பையா. எஸ்டேட் கிளார்க் எட்டிப் பார்த்து, "ஒரே ஆளுக்கு இத்தன பிள்ளைகளா? கெட்டிக்காரருதான்" என்றான்.

மாடசாமிக்கு நான்கு வரி கீழே சங்கரலிங்கம், சுப்பையா என்று இருந்தது. "உங்க அப்பா பேரு என்னங்க?" என்று பால்பாண்டியைக் கேட்டேன்.

"சங்கரலிங்கம்."

"சுப்பையா மகனுங்களா?"

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆபீசர்னா என்ன வேணும்னாலும் பேசுவீயளோ? எங்க பாட்டியப் பத்தி என்ன நெனச்சிய? எங்க தாத்தா பேரு வேலு. சுப்பையா கங்காணி சார், கங்காணி! அவந்தான் ஊர்ல இருந்து ஆளு கூட்டியாந்தவன். அவங் கூட்டியாந்த ஆளுக்கெல்லாம் அவம் பேரத்தான் எழுதுவாவ."

புத்தகத்தை மூடி, அட்டையிலிருந்து திறந்தேன். முதல் பக்கத்தில் மட்டும் கட்டங்களுக்கு மேலே தலைப்பு அச்சடித்திருந்தது. நம்பர். பெயர். கங்காணி. அடுத்த பக்கத்திலிருந்து வெறும் கோடுதான். அன்றைக்கு நான் நடுவில் பிரித்து நடுவிலேயே மூடியவன். ரேஷன் கார்டு பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பெயருக்குப் பக்கத்தில் இருப்பவன் எல்லாம் அப்பன்.

"அப்ப, உங்க வீட்டுக்கு மட்டும் சான்று எப்படீங்க கெடைச்சுது?" என்று கேட்டேன். பால்பாண்டியின் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தார்.

"பழைய ஹெட்கிளார்க்கு சொல்லிக்கொடுத்தாரு. புஸ்தகத்துல என்ன இருக்கோ அதையே மனுவுல எழுதுங்க, சுப்பையாவ தாத்தான்னு போட்டுருங்கன்னாரு. எல்லாரும் அப்படித்தான் எழுதுனோம். இந்த மாரியப்பப் பய மட்டுந்தான் எங்க தாத்தாவுக்கு அப்பன் இருளப்பன்னு நின்னான்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், எம் பேரன் போலீஸ்ல இருக்கான். அந்தச் சான்றுலதான் வேல. ஒண்ணும் ஆயிராதுல்லா?"

ஆக, பொய் சொன்ன வீடுகள் எல்லாம் எங்கள் வெரிட்டிகேஷனில் தேறிவிட்டன. உண்மை சொன்ன ஒரே ஒருவன் தோற்றான். அதுவும் என் கையால்.

அன்று சாயங்காலம் கல்பாத்திக்குப் போன் போட்டேன். ராமநாதன் சாருக்கு எண்பது தாண்டிவிட்டது, காது மட்டும் கூர்மை. எல்லாவற்றையும் சொன்னேன். நான்காக மடிக்க அவர் கையில் காகிதம் இல்லாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

"நின்ன எடத்தைக் கேட்டேன். ஆரம்பிச்ச எடத்தைக் கேக்கலை" என்றார். "என் பேரையும் சேத்து எழுதும்."

எழுத உட்கார்ந்தேன். மனுதாரர் சொல்வது சரி. செக்ரோலில் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது தகப்பன் பெயர் அல்ல, கங்காணி பெயர், முதல் பக்கத்தின் நகல் இணைப்பு. மற்ற குடும்பங்கள் தாத்தா பெயராகச் சுப்பையாவைக் காட்டியிருந்தால் அது எஸ்டேட் ஆபீசும் நாங்களும் சேர்ந்து செய்த பிழை. அவர்களும் ஐம்பதுக்கு முன்பே இங்கே இருந்தவர்கள்தான் என்பதற்கு அதே பக்கம்தான் சாட்சி, ஆகவே அவர்கள் சான்றுக்குப் பங்கமில்லை. இந்த வாக்கியத்தை மட்டும் ஏழு தடவை திருத்தினேன். பால்பாண்டியின் பிடி கையிலேயே இருந்தது. கடைசியில் 'பார்க்காதவை' என்று தலைப்பிட்டு எழுதினேன்: "முந்தைய விசாரணையின்போது செக்ரோலின் முதல் பக்கத்தை நான் பார்க்கவில்லை. எவரிடமும் கேட்கவும் இல்லை. முதல் பக்கத்தைப் பார்த்தேனா என்று ராமநாதன் சாரும் கேட்கவில்லை. தன் பெயரையும் சேர்க்கும்படி அவர் சொன்னார்."

நேரில் கொண்டுபோய்த் தாசில்தாரிடம் கொடுத்தேன். சின்ன வயசு, நல்ல மனிதர். படித்துவிட்டு, "சாரே, ஈ லாஸ்ட் பாரா வேணோ? புதிய தெளிவு கிட்டி என்னு எழுதியால் போரே? ரண்டு மாசமல்லே உள்ளூ" என்றார். புதிய ஆதாரம் கிடைத்தது என்று எழுதினால் போதும், ஓய்வு பெறும் நேரத்தில் ஏன் வம்பு என்கிறார். நியாயம்தான். எனக்கும் பேனா தயங்கியது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் புத்தகம் புதிதாக முளைக்கவில்லையே. முதல் பக்கம் அன்றைக்கும் முதலில்தான் இருந்தது. என் மூன்று வரியை நானே தவறு என்று எழுதாவிட்டால் அது ஃபைலில் உண்மையாகவே உட்கார்ந்திருக்கும். ரேவதியின் பிள்ளைக்கும் குறுக்கே வந்து படுக்கும்.

"இருக்கட்டுங்க சார்" என்றேன்.

எட்டாம் நாள் ரேவதிக்குச் சான்று வந்தது. கோட்டயத்தில் சேர்ந்துவிட்டாள். பதினைந்தாம் நாள் எனக்கு மெமோ வந்தது. முறையாக வெரிட்டிகேட் செய்யத் தவறியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்தச் சொல் இங்கிலீஷே இல்லை என்று பதில் எழுதித் தப்பித்திருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. தவறினேன் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எச்சரிக்கையோடு விட்டார்கள்.

இந்த நாட்களில் எல்லாம் மாரியப்பன் ஜீப் எனக்காக நின்றுகொண்டுதான் இருந்தது. முதல் நாளே மன்னிப்புக் கேட்டேன். "வண்டியில ஏறுங்க சார், மழ வருது" என்றார். ஏறினேன்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் காலையில் அவரே ஆபீசுக்குள் வந்தார். வெளியே ஜீப்பில் டூரிஸ்ட்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஒரு மனு.

"எனக்கும் ஒண்ணு வேணும் சார்."

"உங்களுக்கு எதுக்குங்க மாரியப்பன்? இனி பரீட்சையா எழுதப் போறீங்க?"

"அன்னைக்குக் கேட்டது வரலல்லா. அதான்."

நானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏற்றினேன். என்ன தேவைக்கு என்று ஒரு கட்டம் கேட்கும். படிப்பு, வேலை, உதவித்தொகை என்று பட்டியல் நீண்டது. இவருக்குப் பொருந்துகிற ஒன்றும் அதில் இல்லை. 'மற்றவை' என்று தட்டினேன். விவரம் எழுது என்றது.

"என்னன்னு போடட்டுங்க?"

கொஞ்சம் யோசித்தார். "நான் அன்னைக்குச் சொன்னது நெசம்னு போடுங்க."

அப்படியே போட்டேன். தாசில்தார் ஒன்றும் கேட்காமல் மூன்றாம் நாளே அனுமதித்தார். அச்செடுத்து முத்திரை வைத்துக் கொடுத்தேன். மாரியப்பன் நின்றபடியே மேலிருந்து கீழ்வரை படித்தார். இருளப்பன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு அடியில் தேதி இருந்த இடத்துக்குப் போயிற்று.

"சார், இந்தத் தேதிய மட்டும் பழசாப் போட முடியுமா? அந்த வருசத்துத் தேதி?"

"முடியாதுங்க மாரியப்பன்" என்றேன்.

"தெரியும் சார். சும்மா கேட்டேன்."

சான்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கும் ஜீப்பில் காத்திருந்த டூரிஸ்ட்டுகள் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார்கள்.